‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’: வீட்டுப் பிரசவத்தின் நடுவே மருத்துவமனைக்குப் போன ஓர் இரவு

எதற்காக இந்தப் பதிவு

வீட்டிலேயே நடக்க வேண்டும் என்று திட்டமிட்ட ஒரு தலைப்பிரசவம் இது. வலி தொடங்கி ஏறத்தாழ 22 மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு மாற்ற முடிவெடுத்தோம். தாயும் குழந்தையும் நலமாக இருக்கிறார்கள். அப்படியிருந்தும் எழுதுகிறேன். அந்த இரவில் பொறுப்பில் இருந்த பிரசவ செவிலியர் நான்தான். இரவு 12:15-க்கும் 1:52-க்கும் இடையே நாங்கள் பேசியதும் பேசாமல் விட்டதும் இன்றுவரை மனதில் நிற்கின்றன. இந்த வேலையில் இருப்பவர்களுக்கும், வீட்டுப் பிரசவத்தைப் பற்றி யோசிக்கும் குடும்பங்களுக்கும் அந்த 97 நிமிடங்கள் பயன்படும் என்று நம்புகிறேன்.

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் இதை வெளியிடுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

பின்னணி

வயது 29. முதல் கர்ப்பம். ரத்த அழுத்தம் கடைசிவரை சரியாக இருந்தது. சர்க்கரை இல்லை, ஹீமோகுளோபின் 11.4. குழந்தை தலை கீழாகத் திரும்பியிருந்தது, நஞ்சுக்கொடி மேலே இருந்தது. வீட்டில் பிரசவம் வேண்டாம் என்று சொல்ல மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

திட்டமிட்ட வீட்டுப் பிரசவம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பயிற்சி பெற்ற இரண்டு செவிலியர்கள் கூடவே இருப்பார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க டாப்ளர், பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கப் பையும் முகமூடியும், ரத்தப்போக்கை நிறுத்த ஆக்சிடோசின் ஊசி, டிரிப் ஏற்றும் சாமான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவும் செய்திருக்கும். பயிற்சி பெற்றவர் யாரும் இல்லாமல் வீட்டில் பிள்ளை பெறுவது முற்றிலும் வேறு விஷயம். இந்தப் பதிவிலிருந்து அதற்கு எந்த ஆதரவையும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

36-வது வாரத்தில் அவர், கணவர், அவருடைய அம்மா, நான் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். 2011-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு பெரிய ஆய்வின் எண்களை அவர்கள் முன் வைத்தேன். ஆபத்துக் காரணிகள் இல்லாத 64,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு அது. வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டவர்களில், முதல் பிரசவம் என்றால் 100-க்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற நேர்ந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் அது 12 பேர்தான். முதல் பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டபோது குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது 1000-க்கு 9.3, மருத்துவமனையில் திட்டமிட்டபோது 5.3. இரண்டுமே சிறிய எண்கள்தான், ஆனால் ஒன்றல்ல. இதை மறைத்துவிட்டு வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் கேட்டுவிட்டு, “அப்போ பாதிக்குப் பாதி நான் போக வேண்டி வரலாம், இல்லையாக்கா?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வீடுதான் என்று முடிவு செய்தார்.

ஒரு பக்கத் தாள்

அன்றே ஒரு தாளில் எழுதினோம். எதெது நடந்தால் பேச்சே இல்லாமல் உடனே கிளம்புவது: குழந்தையின் துடிப்பு 110-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்பது, தொப்புள் கொடி முன்னால் நழுவி வருவது, அதிக ரத்தப்போக்கு, வலிப்பு, ரத்த அழுத்தம் 160/110-ஐத் தொடுவது. அவசரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் மாறவேண்டியவை தனியாக: பனிக்குட நீர் பச்சையாக வருவது, காய்ச்சல், வலி மரத்துப்போக எபிடூரல் வேண்டும் என்று அவரே கேட்பது. கடைசி வரியாக, “4 மணி நேரத்தில் கருப்பை வாய் 2 செ.மீ. கூட விரியவில்லை என்றால் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று பேசி முடிவெடுப்பது” என்று என் கையால் எழுதினேன்.

தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். பயணத்தையும் கணவர் ஒரு நாள் பகலில் ஒத்திகை பார்த்தார். வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல்வரை 20 நிமிடம். எல்லோரும் அந்த 20-ஐ மனதில் வைத்துக்கொண்டோம்.

பகலும் முன்னிரவும்

40 வாரம் 2 நாளில், விடிகாலை 4 மணிக்கு வலி எடுத்தது. ஒழுங்கில்லாத வலி. 7:30-க்குப் போன் செய்தார். சாப்பிடுங்கள், முடிந்தவரை தூங்குங்கள் என்றேன். தூங்க முடியவில்லை. வலி வயிற்றைவிட முதுகில்தான் அதிகம் இருந்தது.

பிற்பகல் 3:40-க்குப் போய்ப் பார்த்தேன். கருப்பை வாய் 3 செ.மீ. விரிந்திருந்தது. வலி 6, 7 நிமிடத்துக்கு ஒரு முறை. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கமாக இருந்தது போல் பட்டது. இப்படி இருந்தால் குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகெலும்பை அழுத்தும், முதுகுவலி விடாமல் இருக்கும், பிரசவம் பெரும்பாலும் நீளும். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் வழியிலேயே தாமாகத் திரும்பிவிடும். அதை அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இரவு 7 மணிக்கு மறுபடி போனேன். உடன் பணியாற்றும் செவிலியர் சிறிது நேரத்தில் வந்து சேர்ந்தார். 8:15-க்குச் சோதித்தபோது 5 செ.மீ. பத்து நிமிடத்துக்கு மூன்று வலி. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்படி பிரசவத்தின் முனைப்பான கட்டம் 5 செ.மீ.யில்தான் தொடங்குகிறது. மணிக்கு 1 செ.மீ. விரிந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் அது தள்ளி வைத்துவிட்டது. ஆகவே அதுவரை நடந்தது தாமதம் அல்ல. குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 136. தாயின் நாடி 84, வெப்பம் 36.8.

அறையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. அவர் கேட்டுக்கொண்டது அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வலி வரும்போது இடுப்பை ஆட்டுவார், கணவர் முதுகில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். அம்மா எதுவும் பேசாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 10:05-க்குப் பனிக்குடம் உடைந்தது. நீர் தெளிவாக இருந்தது. துடிப்பு 140. எல்லாம் நல்லா இருக்கு என்றேன். உண்மையும் அதுதான்.

12:15

நான்கு மணி நேரம் முடிந்து மறுபடி சோதித்தேன். 6 செ.மீ. ஒன்றுதான் கூடியிருந்தது. தலை இன்னும் மேலேயே நின்றது, பின்மண்டை இன்னும் முதுகுப் பக்கம்.

தாளில் எழுதியிருந்த கடைசி வரி இப்போது பொருந்திவிட்டது. நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். சிறுநீர் கழித்து வெகுநேரமாகிவிட்டது என்று கழிவறைக்கு அழைத்துப் போனோம். நிறையப் போனார். நிரம்பிய பை தலை இறங்குவதைத் தடுக்கும், ஆகவே அது சரியான காரியம். ஒரு பக்கமாகப் படுக்க வைத்து மேல் காலை உயர்த்தினோம், பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இருக்கச் சொன்னோம். குழந்தை திரும்ப இடம் கிடைக்கட்டும் என்று. துடிப்பு 146. வெப்பம் 37.2.

அவர் என்னைப் பார்த்தார். “எவ்வளவுக்கா?”

“ஆறு. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்மா.”

அவர் தலையாட்டினார். உடன் இருந்த செவிலியரும் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் வீட்டிலேயே தொடர்ந்தது தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. தாமதமோ என்ற சந்தேகம் வந்தால், மற்ற எல்லாம் சரியாக இருக்கும்போது 2 மணி நேரம் கழித்து மறுபடி சோதிப்பது ஏற்கப்பட்ட முறைதான். தவறு வேறு இடத்தில் இருந்தது. எதுவரை பார்ப்பது என்று சொல்லவில்லை. என்ன தெரிந்தால் கிளம்புவது என்று சொல்லவில்லை. மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று தாளில் என் கையாலேயே எழுதியிருந்தும் போன் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று பிறகு என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். போன் செய்தால் அது அவர் காதில் விழும், நம்பிக்கை உடைந்துவிடும் என்று தயங்கினேன். அவருக்காகத் தயங்கியதாக அப்போது நினைத்தேன். எனக்காகவும்தான்.

12:15 முதல் 1:52 வரை

துடிப்பைக் கால் மணிக்கு ஒரு முறை, வலி அடங்கியதும் ஒரு முழு நிமிடம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தோம். 12:45-க்கு 150. 1:15-க்கு 154. குழந்தையின் துடிப்பு 110-லிருந்து 160-க்குள் இருந்தால் இயல்பு என்பதுதான் அளவு. ஒவ்வொரு எண்ணும் அந்த வேலிக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் “நல்லா இருக்கு” என்று சொன்னேன்.

1:15-க்கு அவர் உடம்பு சுடுவது போலிருக்கிறது என்றார். வெப்பம் 37.6, நாடி 104. வெந்நீர் ஒத்தடத்தால் இருக்கும் என்று பேசிக்கொண்டோம். ஒத்தடத்தை நிறுத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, ஜன்னலைத் திறந்தோம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பதாக இருந்தது. அறிகுறி ஒன்று வந்தால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கும் வந்து நிற்கிறது. சாக்கு பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. பொருத்தமாக இருந்தாலே போதும், நாம் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

1:35-க்கு பேட் மாற்றினோம். மஞ்சள் வெளிச்சத்தில் லேசான பழுப்பாகத் தெரிந்தது. கருப்பை வாய் விரியும்போது வரும் சளியும் ரத்தமும் என்று நினைத்து மடித்து வைத்தேன்.

1:45-க்குத் துடிப்பு 158. உடன் இருந்த செவிலியர் அதை எழுதிவிட்டுப் பேனாவை வைக்கவில்லை. குறிப்பேட்டில் வரிசையாக நின்ற எண்களை ஒரு காகிதத்தில் புள்ளிகளாக வைத்து இணைத்தார். 136, 140, 146, 150, 154, 158. என் பக்கம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்த்தபோது ஆறு நல்ல எண்கள். கோடாகப் பார்த்தபோது இடைவிடாமல் ஏறும் ஒரு மேடு. ஆரம்பத்தில் இருந்த அடிப்படைத் துடிப்பைவிட 20-க்கு மேல் உயர்ந்தாலே, 160-ஐத் தாண்டாவிட்டாலும், அதைக் கவனித்தாக வேண்டும். இங்கே 22 உயர்ந்திருந்தது.

நான் மடித்து வைத்த பேடை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அங்கே வெள்ளை விளக்கு. விரித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் பச்சை. நடுவில் கெட்டியான, கரும்பச்சைத் துணுக்குகள்.

குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது. மாதம் நிறைந்த பிரசவங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை இப்படி நடக்கிறது, பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் நீர் கெட்டியாக இருக்கிறது, துடிப்பு ஏறுகிறது, தாய்க்கு உடம்பு சுடுகிறது, பிரசவமும் நகரவில்லை. நான்கும் சேர்ந்தால் உள்ளே தொற்று தொடங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். மணி 1:52. இதில் பேசி முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை.

கிளம்பியது

அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, வலி அடங்கும்வரை காத்திருந்து சொன்னேன். “நீர் பச்சையா வருதும்மா. குழந்தையோட துடிப்பு இப்பவும் இயல்புக்குள்ளதான் இருக்கு, ஆனா ஏறிக்கிட்டே வருது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே.” ஓடிப்போகும் அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போட முடியாது என்றும் சொன்னேன். அவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். சரி என்றார். அம்மா எழுந்து பையை எடுத்தார். மூட்டை ஏற்கெனவே கட்டி வாசலில் இருந்தது. அது நாங்கள் சரியாகச் செய்த ஒன்று.

உடன் இருந்த செவிலியர் ஆம்புலன்ஸுக்குப் பேச, நான் பிரசவ வார்டுக்குப் பேசினேன். இப்படிப் பேசும்போது கதையாகச் சொல்லக்கூடாது. யார், என்ன பின்னணி, இப்போது என்ன பிரச்சினை, என்ன வேண்டும் என்ற நான்கும் ஒரு நிமிடத்துக்குள் வரவேண்டும். “தலைப்பிரசவம், 40 வாரம் 3 நாள், வீட்டில் திட்டமிட்டது, உங்களிடம் பதிவு இருக்கிறது. பனிக்குடம் 10:05-க்கு உடைந்தது. 4 மணி நேரத்தில் 5-லிருந்து 6 செ.மீ., பின்மண்டை முதுகுப் பக்கம். நீர் இப்போது கெட்டிப் பச்சை, துடிப்பு 136-லிருந்து 158, தாயின் வெப்பம் 37.6. ஆம்புலன்ஸில் வருகிறோம். வந்ததும் தொடர் கண்காணிப்பும் டாக்டரும் வேண்டும்.” எதிர்முனையில் இருந்தவர் எண்களைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார்.

ஆம்புலன்ஸ் 2:14-க்கு வந்தது. வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. இதை நாங்கள் யாருமே கணக்கில் எடுத்திருக்கவில்லை. 6 செ.மீ. விரிந்த நிலையில் ஒரு பெண் மூன்று மாடி இறங்குவது எப்படி இருக்கும் என்று பகலில் தனியாக வண்டி ஓட்டிப் பார்த்தவருக்கு எங்கிருந்து தெரியும்? நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்றார்கள், அவர் நடந்தே வருகிறேன் என்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வலி வந்தபோது அவர் நெற்றியைக் கைப்பிடியின் இரும்பில் வைத்து அழுத்தியதும், நகர்ந்தபோது அங்கே ஈரமாக ஒரு வட்டம் இருந்ததும் நினைவிருக்கிறது. படியில் மட்டும் 11 நிமிடம். அதற்குள் மூன்று வலி.

வண்டி நகர்ந்தபோது 2:29. இடது பக்கமாகப் படுக்க வைத்தோம். மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். வண்டிச் சத்தத்தில் டாப்ளர் கேட்காது என்பதால் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். 160.

வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். நான் ஏறினேன். கணவர் இரு சக்கர வாகனத்தில் பின்னால் வந்தார். மருத்துவமனை வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள். உள்ளே வர 25 நிமிடம் ஆனது.

வாசலை அடைந்தது 2:49. பிரசவ அறைப் படுக்கையில் ஏற்றியது 2:58. முடிவெடுத்ததிலிருந்து 66 நிமிடம். நாங்கள் மனதில் வைத்திருந்தது 20.

மருத்துவமனையில்

பணியில் இருந்த டாக்டர் முதலில் என்னிடம் அதிகம் பேசவில்லை. வீட்டிலிருந்து வருபவர்களைச் சிலர் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது தெரிந்ததுதான். குறிப்பேட்டையும் அந்தப் புள்ளிக் காகிதத்தையும் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். “12:15-க்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்றார். குரலில் கடுமை இல்லை. ஆமாம் டாக்டர் என்றேன்.

குழந்தையின் துடிப்பையும் வலியையும் தொடர்ந்து பதிவு செய்யும் சி.டி.ஜி. கருவியை மாட்டினார்கள். அடிப்படைத் துடிப்பு 160, ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தது, சரிவு எதுவும் இல்லை. அதாவது குழந்தை சமாளித்துக்கொண்டிருந்தது. கருப்பை வாய் 7 செ.மீ. தாயின் வெப்பம் 38.1. டிரிப்பும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் தொடங்கினார்கள். 3:50-க்கு எபிடூரல் போட்டார்கள், அவரே கேட்டார். அடுத்து, வலியை வலுப்படுத்த ஆக்சிடோசின் டிரிப். அரை மணியில் தூங்கினார். அந்த நாளில் அவர் தூங்கியது அப்போதுதான்.

காலை 7:30-க்கு முழுதாக விரிந்தது. குழந்தையும் திரும்பியிருந்தது. தலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்து 8:40-லிருந்து முக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒவ்வொரு வலியிலும் துடிப்பு இறங்கத் தொடங்கியதால், குழந்தையின் தலையைப் பற்றி வெளியே இழுக்க உதவும் வாக்குவம் கருவியை வைத்தார்கள். 9:41-க்குப் பிறந்தது. 3.38 கிலோ. பிறந்ததும் குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் அப்கார் எண் ஒரு நிமிடத்தில் 7, ஐந்து நிமிடத்தில் 9. உடனே அழுததால் தொண்டையை உறிஞ்சவில்லை. பச்சை நீரில் பிறந்தாலும் நன்றாக மூச்சு விடும் குழந்தைக்கு அது தேவையில்லை. சில நிமிடங்களில் தாயின் மார்பில் போட்டார்கள். ரத்தப்போக்கு 550 மி.லி. பிரசவத்துக்குப் பின் 500-க்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு, ஊசியில் நின்றுவிட்டது. தொற்றுச் சந்தேகத்துக்காகக் குழந்தைக்கு இரண்டு நாள் மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள்.

பிறகு அவர் சொன்னது

ஆறு வாரம் கழித்துப் போய்ப் பேசினேன். வீட்டில் பிறக்கவில்லை என்ற வருத்தம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். இருந்தது, ஆனால் அவரை உறுத்தியது அதில்லை.

“1:52 வரைக்கும் எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னீங்கக்கா. அப்புறம் திடீர்னு கிளம்பணும்னீங்க. நடுவுல என்ன ஆச்சு? எனக்குத் தெரியாம என்னமோ நடந்திருக்குன்னு தோணிச்சு. படி இறங்கும்போதெல்லாம் அதுதான் மனசுல.”

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணும் நன்றாகவே இருந்தது. ஆனால் 12:15-க்கே என் மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது, அதை அவரிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பயந்திருப்பார் என்று நினைத்தேன். கொடுக்காததால் இன்னும் மோசமான பயம் வந்தது, அதுவும் அவர் படிக்கட்டில் குனிந்து நிற்கும்போது. 36-வது வாரத்தில் 100-க்கு 45 என்ற எண்ணைக் கேட்டுத் தாங்கியவர் அவர். நள்ளிரவில் “ஒன்றுதான் கூடியிருக்கிறது” என்பதைத் தாங்கியிருக்க மாட்டாரா?

கணவர் வேறொன்று சொன்னார். “வாசல்ல நின்ன அந்த 25 நிமிஷம், சிஸ்டர், குழந்தை இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது.”

எதை மாற்றியிருக்கிறோம்

இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் வாக்குவம் தேவைப்பட்டிருக்காது என்று நான் வாதிட மாட்டேன். குழந்தை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது, எங்கே இருந்தாலும் அது நீளும் பிரசவம்தான். ஆனால் 12:15-க்கே தகவல் போயிருந்தால் வண்டி, படி, கணவர் மூன்றையும் நிதானமாகப் பார்த்திருக்கலாம். கடைசி ஒரு மணி நேர வலியும் காய்ச்சலும் எபிடூரல் இல்லாமல் மாடிப்படியிலும் வண்டியிலுமாகக் கழிந்திருக்காது.

முதல் மாற்றம் பேச்சில். “பார்க்கலாம்” என்று சொன்னால் அதே மூச்சில் நேரத்தையும் சொல்கிறோம், எதைப் பார்க்கிறோம் என்றும் சொல்கிறோம். அந்த இரவில் நான் சொல்லியிருக்க வேண்டியது இது: “4 மணி நேரத்தில் ஒன்றுதான் கூடியிருக்கிறது, எதிர்பார்த்ததைவிட மெதுவு. குழந்தையும் நீங்களும் நன்றாக இருப்பதால் 2:15 வரை இங்கேயே இருக்கலாம். அதற்குள் இன்னும் ஒரு செ.மீ.யாவது கூடாவிட்டால், அல்லது துடிப்போ காய்ச்சலோ நீரோ மாறினால் போகிறோம். இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.” சொல்லிப் பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகவில்லை. போன் அவர் காதில் விழும்படியே செய்கிறோம். தகவல் சொல்வது கிளம்புவதாகாது என்பதை 36-வது வாரத்திலேயே விளக்கிவிடுகிறோம். முதல் பிரசவத்தில் மாற நேர்வதற்கு மிகப் பொதுவான காரணம் அவசர ஆபத்தல்ல, பிரசவம் மெதுவாக நகர்வதுதான் என்பதையும் சேர்த்து.

பேடை மஞ்சள் வெளிச்சத்தில் யாரும் பார்ப்பதில்லை. இரண்டு பைகளிலும் வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச் இருக்கிறது. அறை மங்கலாகவே இருக்கட்டும், அது பிரசவத்துக்கு நல்லது. பேட் மட்டும் வெளியே வந்து, டார்ச் அடித்து, இருவரும் பார்த்த பிறகுதான் மடிக்கப்படுகிறது.

துடிப்பை எண்ணாக எழுதுவதோடு கட்டக் காகிதத்தில் புள்ளியாகவும் வைக்கிறோம். முதல் அளவின்மேல் ஒரு கோடு, அதிலிருந்து 20 மேலே சிவப்பில் இன்னொரு கோடு. வெப்பமும் நாடியும் அதே காகிதத்தில் கீழே. ஒரு சாக்கு சொல்லத் தோன்றினால், அந்தச் சாக்கையும் பக்கத்தில் எழுத வேண்டும். “ஒத்தடத்தால் சூடு” என்று எழுதியிருந்தால், அடுத்த வரி “ஒத்தடம் நிறுத்தி அரை மணி கழித்து மறுபடி பார்த்தது” என்று வந்தே ஆக வேண்டியிருக்கும். 1:15-க்கு அப்படி எழுதியிருந்தால் 1:45-க்கே காய்ச்சல் பிடிபட்டிருக்கும்.

பயண ஒத்திகையை இப்போது கர்ப்பிணியோடே செய்கிறோம். படுக்கையிலிருந்து படுக்கைவரை. படி இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிமிடம் நின்று இறங்குகிறோம். ஆம்புலன்ஸ் வர எடுக்கும் நேரத்தையும் வாசலில் பதிவுக்கு ஆகும் நேரத்தையும் கூட்டுகிறோம். வண்டியில் ஏற முடியாத துணைவர் எந்த வாசலுக்கு வர வேண்டும், யார் பெயரைச் சொல்ல வேண்டும், எந்த எண்ணிலிருந்து அவருக்குச் செய்தி போகும் என்பது தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

இந்தப் பதிவை எழுதி முடித்ததும் அந்தப் பெண்ணுக்கு முதலில் அனுப்பினேன். குழந்தை மடியில் இருக்கும்போது படித்ததாகச் சொன்னார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். படியில் இரண்டு வலி என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன், இங்கேயும் அப்படியே எழுதியிருந்தேன். “மூணுக்கா. கடைசிப் படியில ஒண்ணு. நீங்க வண்டிக் கதவைத் திறக்கப் போயிட்டீங்க.” இரண்டு இடத்திலும் திருத்திவிட்டேன்.